கணினி வந்த கதை – 23: ஊகத்தில் விழுந்த ஓட்டை

2018 ஜனவரி முதல் வாரம். ரஜினிகாந்த் அரசியலுக்கு வருவதாக டிசம்பர் 31 அன்று அறிவித்த சூடு ஆறவில்லை. 4ஆம் தேதி மாலை அரசுப் போக்குவரத்துத் தொழிலாளர்கள் ஊதிய உயர்வு கேட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பொங்கலுக்கு ஊர் திரும்ப வேண்டியவர்கள் பேருந்து நிலையங்களில் தவித்துக் கிடந்தார்கள். கள்ளக்குறிச்சி அப்போது விழுப்புரம் மாவட்டத்துக்குள் இருந்தது. தனி மாவட்டமானது 2019 நவம்பர் 26 அன்றுதான். அரசுப் பேருந்தை நம்பியே கீழே இறங்கி ஏறும் கல்வராயன் மலை ஊர்களுக்கு அது கடினமான வாரம்.

அதே வாரத்தில், ஜனவரி 3 அன்று, கணினி உலகில் ஒரு செய்தி வெடித்தது. 1995 முதல் இன்டெல் விற்ற சில்லுகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரு பிழை இருக்கிறது. சாதாரண நிரல் ஒன்று அதைப் பயன்படுத்தி, இயங்குதளத்தின் மையமான கர்னல் தன் வசம் காத்து வைத்திருக்கும் நினைவகத்தையே படித்துவிட முடியும். இதற்கு மெல்ட்டவுன் என்று பெயர் வைத்தார்கள். கூடவே வெளிவந்த இன்னொரு பிழை ஸ்பெக்டர். அது இன்டெல்லோடு நிற்காமல் ஏஎம்டி, ஆர்ம் சில்லுகளையும் பிடித்தது. விற்றுத் தீர்ந்த கோடிக்கணக்கான சில்லுகளைத் திரும்ப வாங்கி மாற்ற யாராலும் முடியாது. வன்பொருள் செய்த குற்றத்தை மென்பொருள் சுமக்க வேண்டியதாயிற்று. அதில் பெரும்பங்கு கர்னலின் தோளில் இறங்கியது.

சென்ற அத்தியாயத்தில், 2011 செப்டம்பர் 15 அன்று முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைப் பார்த்தோம். தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்து, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பிளஸ் டூ படித்தவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் கொடுத்த மடிக்கணினிகள் 50 லட்சத்துக்கும் மேல். கல்வராயன் மலையிலுள்ள அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளின் பிள்ளைகளுக்கும் அவை கிடைத்தன. அவற்றில் இன்டெல் சில்லும் உண்டு, ஏஎம்டி சில்லும் உண்டு. விண்டோஸோடு ‘பாஸ்’ லினக்ஸும் சேர்த்துப் பதிந்து கொடுக்கப்பட்டது. சென்னை சி-டாக் மையம் டெபியன் லினக்ஸை அடித்தளமாகக் கொண்டு உருவாக்கி, 2007 முதல் வெளியிட்டு வரும் இயங்குதளம் அது.

கல்வராயன் மலையில் அந்தக் கணினிக்கு இருந்த இடத்தைப் புரிந்துகொள்ள ஒரு செய்தி போதும். அந்த மலை 1976 வரை ஜாகிர்தார்களின் கையில் இருந்தது. நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகள் கழித்து, நெருக்கடி நிலைக் காலத்தில்தான் அரசு அதைத் தன் நிர்வாகத்துக்குள் கொண்டுவந்தது. சாலை, மருத்துவம், பள்ளி எல்லாமே அங்கே தாமதமாக ஏறியவை. 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் மலைவாழ் மக்களின் அடிப்படை வசதிகள் குறித்துத் தானாக முன்வந்து வழக்கு எடுத்து விசாரிக்கும் நிலை இருந்தது. அப்படிப்பட்ட மலையில், மலையாளிப் பழங்குடிக் குடும்பம் ஒன்றில் முதன்முதலாக நுழைந்த கணினி பெரும்பாலும் அரசு கொடுத்த கணினிதான். அதன் சில்லுக்குள் இருந்த பிழைக்கும், அதைச் சரிசெய்ய உலகெங்கும் நடந்த ஓட்டத்துக்கும், அந்த வீட்டுக்கும் உள்ள உறவைத்தான் இந்த அத்தியாயம் சொல்கிறது.

முதலில் பிழை எது என்று பார்த்துவிடுவோம்.

தாலுகா அலுவலகம் ஒன்றை நினைத்துக்கொண்டால் விஷயம் பிடிபடும். ஆவண அறை பின்கட்டில் இருக்கிறது. கோப்பு எடுத்துவர நேரமாகும். எழுத்தர் கெட்டிக்காரர். வரிசையில் நிற்பவரின் அடையாள அட்டையைச் சரிபார்த்து முடிப்பதற்குள், அவர் கேட்கப்போவது இந்தக் கோப்புதான் என்று ஊகித்து, உதவியாளரை அனுப்பி மேசைக்கு வரவழைத்துவிடுவார். ஊகம் சரியென்றால் நேரம் மிச்சம். வந்தவருக்கு அதைப் பார்க்க உரிமையில்லை என்று தெரிந்தால், காட்டாமல் ஓரமாக வைத்துவிடுவார். ஒன்றும் நடக்கவில்லை என்பது அவர் எண்ணம். ஆனால் கோப்பு இப்போது மேசையில் இருக்கிறது. உரிமை இல்லாத அதே ஆள், ஒவ்வொரு கோப்பின் எண்ணாகச் சொல்லி, எதற்கு உடனே பதில் வருகிறது, எதற்குக் காத்திருக்கச் சொல்கிறார்கள் என்று கடிகாரத்தைப் பார்த்தால் போதும். எடுத்து வந்த கோப்பு எது என்று தெரிந்துவிடும்.

சில்லில் நடப்பதும் இதுதான். நினைவகத்திலிருந்து ஒரு மதிப்பு வந்து சேர நூற்றுக்கணக்கான துடிப்புகள் ஆகும். அதுவரை சும்மா இருக்காமல், அடுத்தடுத்த கட்டளைகளை ஊகத்தின் பேரில் சில்லு செய்துகொண்டே போகும். தப்பென்று தெரிந்தால் கணக்கை அழித்துவிட்டுத் திரும்ப வரும். ஆனால் கேஷ் என்கிற அண்மை நினைவகத்தில் விழுந்த தடத்தை அழிப்பதில்லை. மெல்ட்டவுன் தாக்குதல் இந்தத் தடத்தைத்தான் படிக்கிறது. 256 பக்கங்கள் கொண்ட ஒரு வரிசையைத் தாக்குபவர் தன் நிரலில் வைத்துக்கொள்கிறார். ஒவ்வொரு பக்கமும் 4,096 பைட். கர்னலுக்குச் சொந்தமான ஒரு பைட்டைப் படிக்கும்படி சில்லிடம் சொல்கிறார். உரிமை இல்லை என்ற மறுப்பு வரத்தான் போகிறது. ஆனால் மறுப்பு வருவதற்குள், படித்த மதிப்பை 4,096ஆல் பெருக்கி, வரிசையில் அந்த இடத்தைத் தொடும்படி அடுத்த கட்டளை ஊகத்தில் ஓடிவிடுகிறது. மறுப்பு வந்த பிறகு 256 பக்கங்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டு நேரம் பார்க்கிறார். 65ஆம் பக்கம் மட்டும் சட்டென்று வந்தால், கர்னலின் அந்த பைட் 65. இப்படி நொடிக்கு 503 கிலோபைட் வரை படிக்க முடிந்தது என்று ஆய்வுக் கட்டுரையில் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஊகத்தின் பேரில் முன்கூட்டியே வேலை செய்வது வேகத்துக்காகப் பொறியாளர்கள் தெரிந்தே எடுத்த முடிவு. 1995இல் வந்த பென்டியம் புரோவிலிருந்து இன்டெல்லின் முதன்மைச் சில்லுகள் எல்லாம் அந்தப் பாதையில்தான் வந்தன. மாற்றுப் பாதை இல்லாமலும் இல்லை. சென்னை ஐஐடியில் படித்துப் பிறகு எச்பி ஆய்வகத்தில் பணியாற்றிய பி. ராமகிருஷ்ண ராவ், எந்தக் கட்டளைகளைச் சேர்த்து ஓட்டலாம் என்பதைச் சில்லு முடிவு செய்யாமல் கம்பைலரே திட்டமிட்டுத் தரும் வடிவமைப்பின் முன்னோடிகளில் ஒருவர். இட்டானியம் சில்லு அந்தச் சிந்தனையில் பிறந்தது. சந்தையில் அது தோற்றது. ஆனால் மெல்ட்டவுன் தொடாத இன்டெல் சில்லுகளின் சிறு பட்டியலில், 2013க்கு முந்தைய ஆட்டம் சில்லுகளோடு இட்டானியமும் இடம்பெற்றது. 2002 டிசம்பரில் காலமான ராவ் அதைப் பார்க்க இருக்கவில்லை.

பிழை கண்டுபிடிக்கப்பட்ட விதமும் சொல்லத்தக்கது. கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழுவில் இருந்த யான் ஹார்ன் என்ற இளைஞர், 2017 ஜூன் 1 அன்று சில்லு நிறுவனங்களுக்குத் தகவல் அனுப்பினார். ஜெர்மனியின் சைபரஸ் நிறுவனத்தைச் சேர்ந்த வெர்னர் ஹாஸ், தாமஸ் பிரெஷர் ஆகியோரும், ஆஸ்திரியாவின் கிராட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் டேனியல் குருஸ், மோரிட்ஸ் லிப், மைக்கேல் ஷ்வார்ட்ஸ், ஸ்டெஃபான் மங்கார்ட் ஆகியோரும் தனித்தனியே அதே பிழையில் வந்து முட்டினார்கள். இதில் வியப்பு என்னவென்றால், மருந்து நோய்க்கு முன்பே தயாராக இருந்தது. கிராட்ஸ் குழுவினர் வேறொரு சிக்கலுக்காக, அதாவது கர்னல் நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்பதை மறைப்பதற்காக, கைசர் என்ற திருத்தத்தை 2017 மே மாதமே எழுதி வெளியிட்டிருந்தார்கள். அது மெல்ட்டவுனையும் அடைக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது.

லினக்ஸ் கர்னலுக்குள் கைசர் நுழைந்த கதை வேகமானது. அக்டோபர் 31 அன்று இன்டெல் பொறியாளர் டேவ் ஹேன்சன் அதன் மேம்பட்ட வடிவத்தை அனுப்பினார். நினைவக மேலாண்மையின் அடிமடியில் கைவைக்கும் திருத்தம் சாதாரணமாக உள்ளே வர மாதக்கணக்கில் விவாதம் நடக்கும். இது விறுவிறுவென ஏற்கப்பட்டதும், பழைய கர்னல்களுக்கும் பின்னோக்கி எடுத்துச் செல்லப்பட்டதும் கவனிப்பவர்களுக்குச் சந்தேகத்தைக் கிளப்பின. டிசம்பர் 26 அன்று ஏஎம்டியின் டாம் லெண்டாக்கி, தங்கள் சில்லுகளுக்கு இந்தத் தடுப்பு தேவையில்லை என்று ஒரு சிறு திருத்தம் அனுப்பினார். உயர் உரிமையுள்ள நினைவகத்தை ஊகத்தில்கூடத் தொட ஏஎம்டி சில்லு அனுமதிக்காது என்று அதில் காரணமும் எழுதியிருந்தார். அந்த ஒரு வரியே பிழை எங்கே இருக்கிறது என்பதைக் காட்டிக்கொடுத்தது. ஜனவரி 9 அன்று அறிவிக்கத் திட்டமிட்டிருந்த செய்தி 3ஆம் தேதியே வெளியே வந்துவிட்டது.

அந்தத் திருத்தத்துக்குக் கடைசியில் நிலைத்த பெயர் கேபிடிஐ. அது செய்யும் வேலையைச் சற்று அருகில் போய்ப் பார்க்கலாம். ஒவ்வொரு நிரலுக்கும் நினைவக முகவரிகளைக் காட்டும் பக்க அட்டவணை ஒன்று உண்டு. முன்பெல்லாம் அந்த ஒரே அட்டவணையில் கர்னலின் முகவரிகளும் இருக்கும். ‘பயனருக்கு அனுமதி இல்லை’ என்ற குறியீடு மட்டுமே காவல். அந்தக் காவலைத்தான் ஊகம் தாண்டிப் போனது. கேபிடிஐ அட்டவணையை இரண்டாக்கியது. கர்னல் ஓடும்போது முழு அட்டவணை. பயனரின் நிரல் ஓடும்போது, கர்னலுக்குள் நுழையும் வாசலுக்குத் தேவையான துளிப் பகுதியைத் தவிர வேறெதுவும் இல்லாத அட்டவணை. முகவரியே இல்லாத இடத்தை ஊகத்தாலும் தொட முடியாது. இரண்டு அட்டவணைகளின் தலைப் பக்கங்களும் நினைவகத்தில் அடுத்தடுத்து, 4,096 பைட் இடைவெளியில் வைக்கப்பட்டன. ஆகவே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற, சிஆர்3 என்ற பதிவேட்டில் ஒரே ஒரு பிட்டைத் திருப்பினால் போதும். கர்னல் நிரலாளர்களின் கைத்திறனுக்கு இந்த ஒரு பிட் நல்ல சாட்சி.

ஆனால் விலை இருந்தது. கோப்பு திறப்பது, எழுதுவது, வலையில் அனுப்புவது என்று நிரல் கர்னலை அழைக்கும் ஒவ்வொரு முறையும் அட்டவணை மாற வேண்டும். பழைய சில்லுகளில் ஒவ்வொரு மாற்றத்தின்போதும் முகவரித் தற்காலிகச் சேமிப்பு முழுவதும் துடைக்கப்படும். பிசிஐடி என்ற வசதி உள்ள சில்லுகளில் அந்தத் துடைப்பைத் தவிர்க்கலாம். 2010க்கு முந்தைய இன்டெல் வடிவமைப்புகளில் அது கிடையாது. ஹாஸ்வெல் தலைமுறை அல்லது அதற்கும் பழைய சில்லில் விண்டோஸ் 7, 8 வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் வேகம் குறைவதை உணர்வார்கள் என்று மைக்ரோசாஃப்ட் ஜனவரி 9 அன்று வெளிப்படையாகச் சொன்னது. புதிய சில்லு வாங்க வசதியுள்ளவருக்குச் செலவு குறைவு, பழையதை வைத்திருப்பவருக்கு அதிகம். அரசு மடிக்கணினிகளின் முதல் சுற்றுகள் இரண்டாம் வகையில்தான் வரும்.

மெல்ட்டவுன் ஒரே வீச்சில் அடைபட்டது. ஸ்பெக்டர் அப்படி இல்லை. அதன் வேலை இன்றும் முடியவில்லை. அதில் ஒரு வகை, வரிசையின் எல்லையைச் சரிபார்க்கும் ‘இஃப்’ வாக்கியத்தையே ஊகத்தில் தாண்டிப்போவது. இதற்குக் கர்னல் கண்ட வழி, எல்லை மீறிய எண் வந்தால் கணக்கீட்டின் மூலமே அதைப் பூஜ்யமாக்கிவிடும் ஒரு முகமூடி. ஊகத்தில் ஓடினாலும் பூஜ்யமாவது இடத்தைத்தான் தொடும். ஆனால் இரண்டு கோடி வரிகளுக்கு மேலுள்ள கர்னலில் எந்தெந்த இடத்தில் இதைப் போடுவது? டான் கார்ப்பென்டரின் ஸ்மேட்ச் கருவி சந்தேகமான இடங்களைப் பட்டியலிட்டுத் தர, மனிதர்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துச் சரிசெய்தார்கள். விளம்பரமில்லாத உழைப்பு அது.

இன்னொரு வகை, நிரல் அடுத்து எங்கே தாவும் என்ற சில்லின் ஊகத்துக்குத் தாக்குபவரே பொய்ப் பயிற்சி கொடுப்பது. இதற்கு கூகுளின் பால் டர்னர் கண்டுபிடித்த தடுப்பு ரெட்போலின். தாவல் கட்டளையை எடுத்துவிட்டு, அழைப்பும் திரும்பலும் சேர்ந்த ஒரு சிறு துணுக்கை வைத்தார். சில்லின் ஊகம் ஒரு முடிவில்லாச் சுழற்சிக்குள் போய்ச் சிக்கி நிற்கும். உண்மையான இயக்கம் அடுக்கில் மாற்றி எழுதப்பட்ட சரியான முகவரிக்குப் போகும். இதைக் கர்னல் முழுக்கப் பதிக்கக் கம்பைலரும் மாற வேண்டியிருந்தது. ஜனவரி 25 அன்று வந்த ஜிசிசி 7.3இல் அந்த வசதி சேர்ந்தது. மூன்று நாள் கழித்து, ஒன்பதாவது சோதனை வெளியீடு வரை இழுத்த லினக்ஸ் 4.15 வெளிவந்தது.

இன்டெல் முன்வைத்த வழி வேறு. சில்லின் உள்நிரலான மைக்ரோகோடில் ஐபிஆர்எஸ் என்ற கட்டுப்பாட்டைச் சேர்த்து, கர்னல் அதைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்றது. அதற்கான திருத்தங்களை, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் ஜனவரி 21 அன்று குப்பை என்றே எழுதித் தள்ளினார். மறுநாளே, மறுதொடக்கப் பிரச்சினை வருவதால் அந்த மைக்ரோகோடைப் பதிக்க வேண்டாம் என்று இன்டெல்லே சொல்ல நேர்ந்தது. இன்டெல்லின் ஸ்கைலேக் தலைமுறைச் சில்லுகளுக்கு ரெட்போலின் முழுக் காவல் ஆகாது என்ற எச்சரிக்கை அப்போதே எழுந்தது. வேகம் கருதிக் கர்னல் ரெட்போலினையே தேர்ந்தெடுத்தது. 2022 ஜூலையில் ஜூரிச் ஈடிஎச் பல்கலைக்கழகத்தின் யோஹன்னஸ் விக்னரும் கவே ரசாவியும் ரெட்பிளீட் என்ற தாக்குதலைக் காட்டியபோது, அந்த எச்சரிக்கை உண்மையாயிற்று. ஸ்கைலேக்குக்கு ஐபிஆர்எஸ்ஸையே கர்னல் ஏற்றுக்கொண்டது. டோர்வால்ட்ஸின் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் முடிவு அவர் நினைத்தபடி அமையவில்லை.

இனி கள்ளக்குறிச்சிக்கு வருவோம். அந்த மடிக்கணினிகளுக்கு இந்தத் திருத்தங்கள் எப்படி வந்து சேர்ந்திருக்க வேண்டும்?

விண்டோஸ் பக்கம் மூன்று தடைகள் வரிசையாக நின்றன. சில ஆன்டிவைரஸ் மென்பொருள்கள் புதிய திருத்தத்தோடு மோதியதால், ஆன்டிவைரஸ் தான் பொருத்தமானது என்று ரெஜிஸ்ட்ரியில் ஒரு குறிப்பு எழுதி வைத்தால்தான் ஜனவரித் திருத்தம் இறங்கும் என்று மைக்ரோசாஃப்ட் வைத்தது. ஆன்டிவைரஸ் இல்லாத, அல்லது காலாவதியான கணினிக்குத் திருத்தம் வரவில்லை. இந்த நிபந்தனை விண்டோஸ் 10க்கு மார்ச்சிலும், 7க்கு ஏப்ரலிலும்தான் விலகியது. அடுத்து, 32-பிட் விண்டோஸ் 7க்கு மெல்ட்டவுன் தடுப்பே மார்ச் மாதம்தான் வந்தது. மூன்றாவது, எல்லாவற்றையும்விட மோசம். 64-பிட் விண்டோஸ் 7க்கு ஜனவரியில் கொடுத்த திருத்தத்திலேயே தவறு. பக்க அட்டவணையின் உச்சப் பதிவு ஒன்றில் பயனருக்கு அனுமதி என்று குறித்துவிட்டார்கள். மெல்ட்டவுனில் படிக்க மட்டும்தான் முடியும். இதில் எந்த நிரலும் முழு நினைவகத்தையும் படிக்கவும் எழுதவும் முடிந்தது. உல்ஃப் ஃபிரிஸ்க் என்ற ஆய்வாளர் இதை வெளிப்படுத்த, மார்ச் 29 அன்று அவசரத் திருத்தம் வந்தது.

லினக்ஸ் பக்கம் வேகம் இருந்தது. செய்தி வெடித்த மறுநாள், ஜனவரி 4 அன்றே, பாஸின் அடித்தளமான டெபியன் தன் 64-பிட் கர்னலுக்கு மெல்ட்டவுன் திருத்தத்தை வெளியிட்டது. கர்னல் பொதி சுமார் 40 எம்பிதான். விண்டோஸ் திருத்தங்கள் நூற்றுக்கணக்கான எம்பி. சிக்னல் வரும் மேட்டைத் தேடிப் போக வேண்டிய மலைக் கிராமங்களில் இந்த வித்தியாசம் பெரிது. ஆனால் 32-பிட் கர்னல் வைத்திருந்தவர்கள் அக்டோபர் 22 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சூசே நிறுவனத்தின் யோர்க் ரோடல் விடாப்பிடியாக எழுதி முடித்த 32-பிட் கேபிடிஐ, அன்று வெளியான 4.19இல்தான் சேர்ந்தது. ரெட்பிளீடுக்கோ 32-பிட் கர்னலில் தடுப்பே எழுதப்படவில்லை. உற்பத்திச் சூழலில் யாரும் அப்படிப் பயன்படுத்துவதில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். பழைய கணினியை விடாமல் ஓட்டும் பள்ளிகளும் வீடுகளும் அந்தக் கணக்கில் வருவதில்லை.

இதெல்லாம் திருத்தம் வந்து சேரும் கணினிகளின் கதை. ஊரில் நடந்தது வேறு. கணினி மெதுவானால் கடைக்குப் போய் ‘ஃபார்மட் அடித்து’ வாங்கி வருவதே தமிழ்நாட்டுச் சிற்றூர்களின் வழக்கம். கடைக்காரர் பாஸ் இருந்த பகுதியை அழித்து இடம் சேர்ப்பார். கையிலிருக்கும் விண்டோஸை ‘போட்டு’, டேட்டா தின்கிறது என்று தானியங்கித் திருத்தத்தை நிறுத்திவிடுவார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வாடிக்கையாளர் கேட்டதைத்தான் செய்தார். பாஸ் எதற்கு இருக்கிறது, அதை எப்படிப் புதுப்பிப்பது என்று பிளஸ் டூ மாணவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அரசு கணினியைக் கொடுத்தது. அதற்கு ஆண்டுதோறும் வர வேண்டிய திருத்தங்களுக்கு வழி அமைக்கவில்லை. இந்தத் திட்டத்தின் பெரிய குறை இதுதான் என்பது இத்தொடரின் கருத்து.

சில்லு நிறுவனத்தின் பக்கமும் கதவு மூடியது. 2018 ஏப்ரலில், பென்ரின், வோல்ஃப்டேல், யார்க்ஃபீல்ட் முதலான பழைய சில்லு வரிசைகளுக்கு ஸ்பெக்டர் மைக்ரோகோட் வராது என்று இன்டெல் அறிவித்தது. அந்தச் சில்லுகளுக்கு மிஞ்சிய காவல் ரெட்போலின் பதித்த கர்னல் மட்டுமே. தயாரித்தவர் கைவிட்ட வன்பொருளை, மூலநிரல் திறந்திருந்ததால் வேறு யாரோ காப்பாற்ற முடிந்தது. கட்டற்ற மென்பொருளுக்கு ஆதரவாகத் தமிழ்நாட்டில் இருபது ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு வந்த வாதங்களில் இதைவிடத் திடமானது இல்லை.

ஆபத்தைப் பெரிதாக்கிக் காட்டுவதும் சரியல்ல. மெல்ட்டவுனாலோ ஸ்பெக்டராலோ பெரிய அளவில் கொள்ளை போனதாக நிரூபணமான நிகழ்ச்சி வெளிவரவில்லை. ஒருவர் மட்டும் பயன்படுத்தும் வீட்டுக் கணினியில், தாக்குதல் நுழையக்கூடிய முக்கிய வாசல் பிரவுசர். அதனால்தான் ஜனவரி 4 அன்றே ஃபயர்ஃபாக்ஸ் தன் நேரமானியின் துல்லியத்தை 20 மைக்ரோநொடியாகக் குறைத்தது. கடிகாரம் மழுங்கினால் கேஷின் தடத்தைப் படிப்பது கடினமாகும். உண்மையான ஆபத்து, பலருடைய நிரல்கள் ஒரே சில்லில் ஓடும் சேவையகங்களில் இருந்தது. கல்வராயன் மலையின் வெள்ளிமலையிலிருந்து ஓர் இளைஞர் இ-சேவை மையத்தில் சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தால், அவருடைய ஆவணங்கள் போய்ச் சேருவது அப்படிப்பட்ட சேவையகங்களுக்குத்தான். ஜாகிர் ஒழிந்த பிறகும் பட்டாவுக்கும் சான்றிதழுக்கும் நடையாய் நடந்த மக்களுக்கு, அந்தத் தரவின் காவல் சின்ன விஷயம் இல்லை. இந்தியக் கணினி அவசரக் குழுவான செர்ட்-இன் அந்த ஜனவரியிலேயே எச்சரிக்கை வெளியிட்டது.

2018க்குப் பிறகு பிழைகள் நிற்கவில்லை. அதே ஆகஸ்டில் ஃபோர்ஷேடோ, 2019 மே மாதம் எம்டிஎஸ், 2023 ஆகஸ்டில் டேனியல் மொகிமி கண்ட டவுன்ஃபால். எம்டிஎஸ்ஸுக்காக, 80286 காலத்திலிருந்து சில்லில் யாரும் சீண்டாமல் கிடந்த ‘வெர்டபிள்யூ’ என்ற கட்டளைக்கு இன்டெல் புது வேலை கொடுத்தது. கர்னலை விட்டு வெளியேறும்போது அதை ஓட்டினால் சில்லின் உள் இடையகங்கள் துடைக்கப்படும்.

சென்னையில் இதே காலத்தில் இன்னொரு முயற்சி வளர்ந்தது. ஐஐடியில் வி. காமகோடி தலைமையிலான குழு, ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளைத் தொகுப்பின் அடிப்படையில் சக்தி சில்லை வடிவமைத்து, 2018இல் இன்டெல்லின் 22 நானோமீட்டர் ஆலையிலும், பிறகு மொகாலியின் எஸ்சிஎல் ஆலையிலும் வார்த்தெடுத்தது; அதில் லினக்ஸும் ஓடியது. அந்தச் சில்லு கட்டளைகளை வரிசை பிறழாமல் செய்யும் எளிய வகை. மெல்ட்டவுன் நுழைய அதில் இடமில்லை. வேகத்தில் மடிக்கணினிச் சில்லுகளுக்கு அது ஈடும் இல்லை. முழு வடிவமைப்பையும் யாரும் திறந்து படிக்கலாம் என்பதுதான் அதன் பெருமை. 23 ஆண்டுகள் ஒரு பிழை மறைந்து கிடந்ததற்கு, சில்லின் உட்புறத்தை வெளியார் பார்க்க முடியாமல் இருந்ததும் ஒரு காரணம்.

2025-26 நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ தரப்படும் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. புதிய சில்லுகளில் மெல்ட்டவுனுக்கு வன்பொருளிலேயே தடுப்பு உண்டு. ஸ்பெக்டர் வகைப் பிழைகளுக்குக் கர்னல் திருத்தம் இன்னமும் வேண்டும். கொள்முதல் ஒப்பந்தத்தில் திரை அளவும் நினைவக அளவும் எழுதுவதுபோல, இத்தனை ஆண்டுகளுக்கு இயங்குதளத் திருத்தமும் மைக்ரோகோடும் வந்தாக வேண்டும் என்ற நிபந்தனையும் எழுதப்பட வேண்டும். மலைப் பள்ளிகளில் இணையம் இல்லாத இடத்துக்கு, மாதம் ஒருமுறை பென்டிரைவில் திருத்தங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்க டெபியன் அடிப்படையிலான அமைப்பில் எந்தத் தடையும் இல்லை.

வீட்டில் பழைய அரசு மடிக்கணினி வைத்திருப்பவர்கள் அதில் விண்டோஸ் 7 இன்னும் ஓடுகிறதா என்று பாருங்கள். அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றே முடிந்துவிட்டது. சில்லு 64-பிட் என்றால் 64-பிட் லினக்ஸ் ஒன்றைப் பதியுங்கள். பதிந்த பிறகு டெர்மினலில் ‘எல்எஸ்சிபியு’ என்ற கட்டளையைக் கொடுங்கள். கடைசி வரிகளில் ஒவ்வொரு பிழையின் பெயரும் வரும்; பக்கத்தில் ‘மிட்டிகேஷன்’ என்றிருந்தால் கர்னல் காவலில் இருக்கிறது. ‘வல்னரபிள்’ என்று வந்தால் திருத்தங்களை அன்றே இறக்கிவிடுங்கள்.